மருந்து எடுத்தும் நிறை இறங்குவது நின்றுபோனால்: கூட்டுவதா, மாற்றுவதா, கழிப்பதா?

பசியைக் குறைக்கும் செமாகுளூட்டைட் (ஒஸெம்பிக், வீகோவி) ஊசி தொடங்கி முதல் சில மாதம் நிறை நன்றாக இறங்கும். பிறகு ஒரு நாள் தராசு ஒரே எண்ணில் நிற்கத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் யோசனை சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. மெல்பேர்னில் இருக்கும் அக்கா டியூரோமைன் குளிசை அனுப்புகிறேன் என்பார். இலண்டன் மச்சான் மைசிம்பா நல்லது என்பார். வெள்ளவத்தை ஜிம்மில் ஒருவர் 'கொழுப்பைக் கரைக்கும்' பவுடர் டப்பாவை நீட்டுவார். சுற்றிவளைத்தால் எல்லாரும் சொல்வது ஒன்றையே: இருப்பதோடு இன்னொன்றைச் சேர்.

சேர்ப்பது சிலருக்குச் சரியான முடிவுதான். ஆனால் அது கடைசியில் வரவேண்டியது. அதற்கு முன் பார்க்க வேண்டிய வழிகள் மூன்று: நிறை கூட்டும் பழைய மருந்தைக் கழிப்பது, இருக்கும் மருந்தை முழு அளவுக்குக் கொண்டுபோவது, வேறு மருந்துக்கு மாறுவது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் மூன்றிலேயே பெரும்பாலானவர்களுக்கு விடை கிடைத்துவிடும் என்பது எங்கள் கணிப்பு.

ஏற்கெனவே எத்தனை சேர்ந்திருக்கிறது?

கொழும்பில் ஐம்பது வயதில் நிறைக்கு மருந்து கேட்டு டொக்டரைச் சனல் பண்ணும் ஒருவரின் மருந்துத் துண்டைப் பாருங்கள். சீனிக்கு மெட்ஃபோமின், கிளிக்லசைட், பிரஷருக்கு லொசார்ட்டன், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோர்வஸ்டட்டின், காலையில் தைரொயிட்டுக்குத் தைரொக்சின். ஊசி போடும்போது அது ஆறாவது மருந்து. ஆகவே 'இரண்டு மருந்தைச் சேர்க்கலாமா' என்று கேட்பதற்கு முன்பே சேர்க்கை நடந்தாகிவிட்டது. ஆபத்தும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

முதலாவது கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் வகைக் குளிசைகளும் இன்சுலினும். செமாகுளூட்டைட்டும் அதே வகை ஊசிகளான லிராகுளூட்டைட், டிர்செபடைட் ஆகியவையும் தனியாகச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. ஆனால் கிளிக்லசைட் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். ஊசியால் பசி போய் அரைத் தட்டுச் சோறுடன் எழும்பும் ஒருவர் பழைய அளவிலேயே கிளிக்லசைட் எடுத்தால், பின்னேரம் கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். அதனால் ஊசி தொடங்கும்போதே கிளிக்லசைட்டைப் பாதியாக்குவது அல்லது நிறுத்துவது வழக்கம். இன்சுலினையும் டொக்டர் குறைத்துத் தருவார். நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி இரத்தச் சீனி பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் என்ற சீனிக் குளிசைகள். சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஜி.எல்.பி-1 என்ற ஹோர்மோனின் பாதையில்தான் ஊசியும் வேலை செய்கிறது, இவையும் வேலை செய்கின்றன. ஊசி வந்த பிறகு இவற்றால் மேலதிகப் பலன் இல்லை. நிறுத்தினால் ஒரு குளிசையும் அதன் செலவும் மிச்சம். பழைய துண்டையே திரும்பத் திரும்பப் பாமசியில் கொடுப்பதால் இவை பலருக்கு மாதக்கணக்கில் தொடர்கின்றன.

மூன்றாவது, பிரஷர் குளிசைகள். நிறை இறங்க இறங்கப் பிரஷரும் இறங்கும். லொசார்ட்டனோடு நீர் போக்கும் குளிசையும் எடுப்பவர், ஊசியால் இரண்டு நாள் சத்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடந்தால், உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படலாம். அந்த நாட்களில் லொசார்ட்டன் வகை, நீர்க்குளிசை, மெட்ஃபோமின், எம்பாகுளிஃப்ளோசின் என்ற சீனிக் குளிசை, டைக்ளோஃபெனாக் போன்ற வலிக்குளிசை ஆகியவற்றில் எவற்றை நிறுத்தி எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை முன்கூட்டியே டொக்டரிடம் எழுதி வாங்கி வைத்திருங்கள். நடு இராத்திரியில் தேட வேண்டிய பதில் அல்ல இது.

முதல் வழி: கழிப்பது

நிறை நின்றுபோனதற்குக் காரணம் சில வேளை ஊசியில் இல்லை, பக்கத்தில் இருக்கும் குளிசையில் இருக்கிறது. கிளிக்லசைட், பியோகிளிட்டசோன், இன்சுலின், அட்டினோலோல், புரொப்பிரனொலோல், அமிட்ரிப்டிலின், மிர்ட்டசபின், ஒலன்சபின், வல்ப்ரோயேட், பிரெட்னிசொலோன்: இவை எல்லாம் நிறையைக் கூட்டக்கூடியவை. ஒரு பக்கம் பசியைக் குறைக்க ஊசி, மறுபக்கம் பசியைக் கூட்ட இரவுக் குளிசை என்று இருந்தால் இரண்டும் இழுபறியில் நிற்கும்.

மாற்றீடுகள் உண்டு. கிளிக்லசைட்டுக்குப் பதில் எம்பாகுளிஃப்ளோசின் போனால், நிறை கூட்டுவது போய்ச் சிறிதளவு குறைப்பது வரும். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க அமிட்ரிப்டிலின் எடுப்பவருக்கு டொபிரமேட் பொருந்துமானால் அங்கும் அதே இலாபம். பிரஷருக்கு மட்டும் அட்டினோலோல் எடுப்பவருக்கு அம்லோடிபின் அல்லது லொசார்ட்டன் போதுமா என்று கேட்கலாம்.

ஆனால் இவற்றில் எதையும் சொந்தமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அட்டினோலோலைத் திடீரென விட்டால் நெஞ்சுவலி வரலாம், வல்ப்ரோயேட்டை விட்டால் வலிப்பு, நீண்ட நாள் எடுத்த பிரெட்னிசொலோனை விட்டால் அதிரினல் சுரப்பி கைவிட்டு உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது வழி: இருக்கும் மருந்தை முழுதாகப் பாவிப்பது

2021இல் வெளிவந்த ஆய்வில் செமாகுளூட்டைட் எடுத்தவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 14.9 வீதம் நிறை குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 வீதம். இந்த 14.9 வாரம் 2.4 மி.கி. எடுத்தவர்களின் கணக்கு. 0.5 மி.கி.யிலேயே நின்றுகொண்டு அந்த எண்ணை எதிர்பார்ப்பவர்கள்தான் மருந்து தமக்கு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள்.

படிகள் இவை: வாரம் ஒருமுறை 0.25 மி.கி., நாலு வாரத்துக்கு. பிறகு 0.5, 1, 1.7, 2.4, ஒவ்வொன்றிலும் குறைந்தது நாலு வாரம். 0.25 என்பது வயிற்றைப் பழக்கும் அளவு மட்டுமே, அதில் நிறை இறங்காதது இயல்பு. நீரிழிவுக்கென்று வரும் ஒஸெம்பிக் பேனாவின் உச்ச அளவு 2 மி.கி., நிறைக்கென்று வரும் வீகோவியில் வழமையாக 2.4. டிர்செபடைட் 2.5இல் தொடங்கி நாலு வாரத்துக்கு ஒரு படியாக 5, 7.5, 10, 12.5, 15 வரை போகும். ஓங்காளம் அடங்காமல் அடுத்த படிக்கு ஏறக் கூடாது. அதே படியில் இன்னும் நாலு வாரம் இருப்பதில் நட்டமில்லை.

இன்னொன்று, ஆய்வுகளிலேயே ஓர் ஆண்டுக்குப் பிறகு நிறை சமதளத்துக்கு வந்துவிடுகிறது. மெலிந்த உடம்பு குறைவாகவே எரிக்கிறது, பசிச் சமிக்ஞை கூடுகிறது, இரண்டும் மருந்தோடு சமப்படும் இடம் அது. 90 கிலோவிலிருந்து 77க்கு வந்து ஆறு மாதமாக அங்கேயே நிற்கும் ஒருவருக்கு மருந்து தோற்கவில்லை. இரண்டாவது மருந்து தேவையா என்பதை எண் சொல்லாது, முழங்கால் வலி, கல்லீரல் கொழுப்பு, எச்.பி.ஏ.1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனி), தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது ஆகியவைதான் சொல்ல வேண்டும். நம்மவர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட நிறைக் கணக்கு) 23க்கு மேலேயே ஆபத்து ஏறத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் அது அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. ஐரோப்பியருக்கான 25, 30 கணக்கை வைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

மூன்றாவது வழி: மாறுவது

முழு அளவில் மூன்று மாதம் இருந்தும் தொடக்க நிறையில் 5 வீதம்கூடக் குறையவில்லை என்றால், எங்கள் தெரிவு சேர்ப்பதைவிட மாறுவது. டிர்செபடைட்டையும் செமாகுளூட்டைட்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2025இல் வெளியான ஆய்வில், 72 வாரத்தில் முன்னதில் 20.2 வீதமும் பின்னதில் 13.7 வீதமும் குறைந்தது. இந்த 6.5 வீத வித்தியாசத்தை, செமாகுளூட்டைட்டோடு ஒரு பழைய குளிசையைச் சேர்த்துப் பெறலாம் என்பதற்கு இதற்கு நிகரான ஆதாரம் இல்லை. அதோடு டிர்செபடைட்டே ஒரு வகைக் கூட்டு மருந்துதான்: ஜி.எல்.பி-1, ஜி.ஐ.பி. என்ற இரண்டு குடல் ஹோர்மோன்களும் உயிரணுவில் ஒட்டும் இடங்களில் (வாங்கிகளில்) ஒரே மூலக்கூறு வேலை செய்கிறது.

மாறும் விதம் முக்கியம். கடைசி செமாகுளூட்டைட் ஊசி ஞாயிறு என்றால் முதல் டிர்செபடைட் அடுத்த ஞாயிறு, அதற்கு முன் இல்லை. செமாகுளூட்டைட் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரமாகும், முழுதாக வெளியேற ஐந்து வாரம் வரை. அந்த மிச்சத்தின் மேல் புதியது ஏறுவதால் பெரும்பாலான டொக்டர்மார் 2.5 மி.கி.யில்தான் தொடங்குவார்கள். வீட்டில் மிஞ்சிய ஒஸெம்பிக் பேனாவை 'வீணாக்காமல்' நடுவாரத்தில் போட்டு முடிப்பதுதான் இங்கே நடக்கும் வழமையான பிழை. விளைவு, நிற்காத சத்தி.

கருத்தடைக் குளிசை எடுக்கும் பெண்கள் கவனிக்க வேண்டியது: டிர்செபடைட் அந்தக் குளிசை உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. தொடங்கிய நாலு வாரமும் ஒவ்வொரு படி ஏறிய பின் நாலு வாரமும் ஆணுறை போன்ற தடுப்பு முறையையும் சேர்க்க வேண்டும். பிள்ளைக்கு முயற்சிக்கிறவர் செமாகுளூட்டைட்டைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். பி.சி.ஓ.எஸ். (மாதவிடாயைக் குழப்பும் சூலகக் கோளாறு) உள்ள பெண்களுக்கு நிறை குறைந்ததும் கருமுட்டை ஒழுங்காக வரத் தொடங்கும் என்பதால் எதிர்பாராத கர்ப்பம் உண்மையான சாத்தியம்.

பி.எம்.ஐ. 35ஐத் தாண்டியவர்களுக்கும், நீரிழிவுள்ள நம்மவர்களில் 27.5க்கு மேற்பட்ட சிலருக்கும் வயிற்றுச் சத்திரசிகிச்சையும் இந்த இடத்தில் வைத்துப் பேச வேண்டிய தெரிவு. மூன்று நான்கு மருந்துகளை ஆயுள் முழுக்க அடுக்குவதோடு ஒப்பிட்டால் அது அவ்வளவு பயங்கரமானதாகத் தெரியாது.

நாலாவது வழி: சேர்ப்பது

தனித்தனியே அனுமதி பெற்ற இரண்டு மருந்து சேர்ந்தாலும் பாதுகாப்பானதே என்ற நினைப்புக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஃபென்டெர்மின் என்ற பசியடக்கி அமெரிக்காவில் 1959இல் அனுமதி பெற்றது, ஃபென்ஃபுளுரமின் என்ற இன்னொன்று 1973இல். இரண்டையும் சேர்த்து எழுதும் வழக்கம் தொண்ணூறுகளில் பரவியது, அந்தச் சோடிக்கு எவரும் அனுமதி கொடுத்திருக்கவில்லை. இதய வால்வுகள் பழுதான நோயாளிகள் வரத் தொடங்க, 1997இல் ஃபென்ஃபுளுரமின் சந்தையை விட்டுப் போனது.

மிகக் குறைந்த ஆபத்தோடு சேர்வது மெட்ஃபோமின். அரச கிளினிக்கிலேயே கிடைக்கும். நிறை இறக்கம் இரண்டு மூன்று கிலோ அளவில்தான், ஆனால் சீனி அல்லது பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்கு ஒரே குளிசையில் இரண்டு வேலை. ஊசியும் மெட்ஃபோமினும் ஒரே மாதத்தில் தொடங்கினால் வயிற்றோட்டம் எதனால் என்று தெரியாமல் போகும், ஆகவே ஆறு வாரமாவது இடைவெளி விடுங்கள். நீண்ட காலம் எடுப்பவர் பி12 பார்க்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவருக்கு எம்பாகுளிஃப்ளோசின் அல்லது டப்பாகுளிஃப்ளோசின் நல்ல துணை. எக்செனடைட் என்ற ஜி.எல்.பி-1 ஊசியோடு டப்பாகுளிஃப்ளோசினைச் சேர்த்துப் பார்த்த 28 வார ஆய்வில் சேர்க்கையில் ஏறத்தாழ 3.4 கிலோ குறைந்தது, தனித்தனியே 1.5, 2.2. ஆபத்து எங்கே என்றால், பட்டினியில். சாப்பாடு மிகவும் குறைந்த நிலையில் இந்தக் குளிசை தொடர்ந்தால் இரத்தச் சீனி கிட்டத்தட்ட இயல்பாகக் காட்டிக்கொண்டே கீற்றோன் அமிலம் ஏறலாம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பால் பழத்தோடு இருப்பவரும் நோன்பு பிடிப்பவரும் விரதத்துக்கு முன்பே டொக்டரைக் கண்டு இதையும் கிளிக்லசைட்டையும் என்ன செய்வது என்று கேட்க வேண்டும். மூச்சு வாங்கல், வயிற்று நோ, சத்தி வந்தால் சீனிக் கருவியை நம்பிப் படுத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஓர்லிஸ்டாட் இரத்தத்துக்குள் பெரிதாகப் போவதில்லை, உண்ட கொழுப்பில் சுமார் 30 வீதத்தைக் குடலில் தடுக்கிறது. அதனால் இதயம், மூளை பற்றிய பயம் இல்லை. ஆனால் ஊசியோடு சேர்த்தால் இலாபமும் சொற்பம். ஏற்கெனவே கொஞ்சமாகச் சாப்பிடுபவரிடம் தடுக்கக் கொழுப்பும் கொஞ்சம்தான். தேங்காய்ப்பால் விட்ட கறியோ கொத்து ரொட்டியோ சாப்பிட்ட அன்று எண்ணெயாகப் போகும், பஸ்ஸில் போகிறவருக்கு அது பெரிய சோதனை. 120 மி.கி. குளிசையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு மட்டும் எடுக்க வேண்டும், இடியப்பமும் தண்ணிச் சொதியும் என்றால் அந்த வேளையை விடலாம். தைரொக்சினுக்கு நாலு மணித்தியால இடைவெளி. ஏ, டி, ஈ, கே விற்றமின்கள் குறையும் என்பதால் விற்றமின் குளிசை படுக்கும்போது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆரை அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஃபென்டெர்மின்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து பையில் வரும் டியூரோமைன். பசியை நன்றாக அடக்கும், நாடித்துடிப்பையும் பிரஷரையும் ஏற்றும். ஜி.எல்.பி-1 ஊசியும் நிமிடத்துக்குச் சில துடிப்புகளைக் கூட்டுவதால் இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன. லிராகுளூட்டைட்டில் ஓராண்டு இருந்தவர்களுக்கு ஃபென்டெர்மினைச் சேர்த்துப் பார்த்த சிறிய ஆய்வொன்றில், 12 வாரத்தில் வெற்றுக் குளிசையைவிடக் குறிப்பிடத்தக்க இலாபம் இல்லை. இதயநோய், பக்கவாதம், கட்டுப்படாத பிரஷர், தைரொயிட் மிகைச்சுரப்பு, குளோக்கோமா உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. தடிமனுக்கு சூடோஎஃபெட்ரின் உள்ள குளிசை எடுக்கும் நாட்களில் துடிப்பு இன்னும் ஏறும். இளம் வயது, சுத்தமான ஈ.சி.ஜி., மாதாமாதம் பிரஷர் பார்க்க ஆள் என்ற மூன்றும் இருந்தால் குறுகிய காலத்துக்கு யோசிக்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

ஃபென்டெர்மினோடு டொபிரமேட் சேர்ந்த மாத்திரையும், நால்ட்ரெக்சோனோடு புப்ரோபியோன் சேர்ந்த மைசிம்பாவும் ஒரே குளிசைக்குள் சோதித்துப் பார்க்கப்பட்ட சோடிகள். சொந்தமாகச் சோடி சேர்ப்பதைவிட இவை மேல். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முள் உண்டு. டொபிரமேட் கர்ப்பத்தின் தொடக்கத்தில் பிள்ளைக்கு உதட்டுப் பிளவை ஏற்படுத்தலாம், சிறுநீரகக் கல்லுக்கும் வழிசெய்யும். உச்ச அளவிலிருந்து சட்டென்று விட்டால் வலிப்பு வரலாம், ஒருநாள் விட்டு ஒருநாளாக ஒரு வாரமாவது எடுத்து முடிக்க வேண்டும். மைசிம்பாவின் முள் வலிமருந்து. நால்ட்ரெக்சோன் இருக்கும்போது ட்ரமடோல், கோடீன் வேலை செய்யாது. அவற்றை ஒழுங்காக எடுப்பவருக்கு, அவை திடீரென நின்றதுபோல உடம்பு படும் அவதி (விலகல் நோய்க்குறி) உடனே வரும். இங்கே முதுகுவலிக்கு ட்ரமடோல் எழுதுவது சாதாரணம், ஆகவே இது ஏட்டுச் சுரைக்காய் எச்சரிக்கை இல்லை. வலிப்பு வந்தவர்கள், பிரஷர் கட்டுப்படாதவர்களுக்கும் மைசிம்பா கூடாது.

எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாதவை: இரண்டு ஜி.எல்.பி-1 மருந்துகள். ஒஸெம்பிக்கும் ரைபெல்சஸும் ஒரே செமாகுளூட்டைட், ஒன்று ஊசி மற்றது குளிசை. விக்டோசாவும் சக்செண்டாவும் ஒரே லிராகுளூட்டைட். பெயர் வேறு என்பதால் இரண்டு டொக்டர்மாரிடமிருந்து இரண்டும் வந்து சேரும். தைரொயிட் நோய் இல்லாதவர் நிறைக்காகத் தைரொக்சின் எடுப்பது இதயத்தைக் குழப்பும். நீர்க்குளிசை தண்ணீரை மட்டும் இறக்கும். 'மூலிகை' என்று விற்கும் மெலிவுத் தேநீர்களிலும் கப்சியூல்களிலும், 2010இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட சிபுட்ராமின் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஊசியோடு அதைக் குடித்தால் என்ன சேர்க்கிறோம் என்பதே தெரியாது.

ரைபெல்சஸுக்குத் தனியாக ஒரு சிக்கல். அது வெறும் வயிற்றில், 120 மி.லீ.க்கு மேற்படாத தண்ணீரோடு, மற்றெந்தக் குளிசைக்கும் அரை மணி முன்பு. தைரொக்சினும் வெறும் வயிற்றுக்காரர். இரண்டையும் ஒரே மிடறில் விழுங்கினால் தைரொக்சின் உடம்பில் கூடுதலாக ஏறும். தைரொக்சினை இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணித்தியாலம் கழித்துத் தள்ளி வைப்பது எளிய தீர்வு, ஆறு முதல் எட்டு வாரத்தில் தைரொயிட் அளவைக் காட்டும் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.

சேர்ப்பதென்றே முடிவானால்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். தொடங்கும் முன் பிரஷர், இருந்த நிலையில் நாடித்துடிப்பு, இடுப்பளவு, எச்.பி.ஏ.1சி, சிறுநீரகத்துக்குக் கிரியட்டினின், கல்லீரல் பரிசோதனை, டி.எஸ்.எச்., தேவையானவர்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. நாலு வாரத்தில் பிரஷரும் துடிப்பும் மறுபடி. ஓய்வில் துடிப்பு 100க்கு மேல் நின்றால் இரண்டாவது மருந்து போக வேண்டும். 12 வாரத்தில் சேர்த்ததால் தனியாக ஒரு பயன் தெரியவில்லை என்றாலும் அதே முடிவு. மெடுல்லரி வகைத் தைரொயிட் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் ஜி.எல்.பி-1 ஊசியே வேண்டாம். முதுகுவரை போகும் மேல்வயிற்று நோ சத்தியோடு வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம், வலது விலாவுக்குக் கீழே என்றால் பித்தக்கல். ஊசியை நிறுத்தி ஈ.டி.யூ.வுக்கு (அவசர சிகிச்சைப் பிரிவுக்கு) போங்கள், வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பேனா பற்றியும் ஒரு வார்த்தை. விமானத்தின் பொதிப் பகுதியில் உறைந்துபோன பேனாவை உருக வைத்தும் பாவிக்க முடியாது, கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். திறந்த டிர்செபடைட் குவிக்பேனா 30 பாகைக்குக் கீழே 30 நாள் தாங்கும். கொழும்பு மத்தியான வெயிலில் மூடிய வீடு அதைத் தாண்டும், ஆகவே குளிர்சாதனப் பெட்டியின் நடுத் தட்டுத்தான் இடம், உறைபெட்டிக்கு அருகே வேண்டாம். போலி ஒஸெம்பிக் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டிருக்கிறது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிவான பொருளையே பாமசியில் துண்டு கொடுத்து வாங்குங்கள். சிறு குப்பியில் வருவதை இன்சுலின் சிரிஞ்சில் இழுத்துப் போடச் சொன்னால், மி.கி.யையும் யூனிற்றையும் குழப்பி ஐந்து முதல் இருபது மடங்கு எடுத்தவர்கள் அமெரிக்காவில் இருந்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

நிறை விரும்பிய இடத்துக்கு வந்த பிறகு எதை முதலில் விடுவது? இரண்டில் ஆதாரம் குறைந்ததை. ஃபென்டெர்மினோ ஓர்லிஸ்டாட்டோ முதலில் போகும், ஊசி கடைசியில். செமாகுளூட்டைட்டை 68 வாரத்துக்குப் பிறகு நிறுத்தியவர்கள் ஓராண்டில் இழந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். சத்திரசிகிச்சையோ எண்டொஸ்கோப்பியோ வருமானால் மயக்கமருந்து டொக்டரிடம் கடைசி ஊசியின் திகதியைச் சொல்லுங்கள், வயிறு மெதுவாகக் காலியாவதால் முதல்நாள் நீராகாரம் மட்டும் எடுக்கச் சொல்லக்கூடும். எம்பாகுளிஃப்ளோசின் என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும்.